குழாய்க்குப் பின்னால் இருக்கும் ஆட்கள்: ஆஸ்திரேலிய நீர்த்துறை, ஓர் எளிய அறிமுகம்

ஒரு நாட்டின் நீர்த்துறை என்றதும் அணை, மோட்டார், குழாய், மேல்நிலைத் தொட்டி என்றுதான் மனம் போகும். இவை இல்லாமல் தண்ணீர் வராது, சரி. ஆனால் இவை எல்லாம் இருந்தும் ஓர் ஊரே நோயில் விழுந்த நிகழ்வுகள் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 5,000. 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே கனமழை பெய்தது. மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலைக் கிருமி மழைநீரோடு ஊரின் குடிநீர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள்.

அந்தக் கிணற்றில் குளோரின் கலக்கும் கருவி இருந்தது. இயக்கியவர்கள் போதிய அளவு குளோரின் சேர்க்கவில்லை. தண்ணீரில் எவ்வளவு குளோரின் மிஞ்சியிருக்கிறது என்று அளக்காமலேயே, அளந்ததாகப் பதிவேட்டில் எண்களை எழுதி வந்தார்கள். விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. அவர்களுக்கு முறையான பயிற்சியே இல்லை. பணியில் இருந்த ஆண்டுகளைக் கணக்கில் வைத்துத் தகுதிச் சான்று கிடைத்திருந்தது. சுத்திகரிக்காத கிணற்று நீரே நல்லது என்று நம்பி அவர்களும் அதைக் குடித்து வந்திருக்கிறார்கள். யாரையும் கெடுக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. எது ஆபத்து என்பது தெரியவில்லை, அவ்வளவுதான்.

நீர்த்துறை என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். கருவியை வாங்கிவிடலாம். அதை இயக்குகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும், கற்றது சரியா என்று சோதிக்க ஒரு முறை வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க, அதே வேலையைப் பார்க்கும் வேறு ஊர்க்காரர் வேண்டும். 'இந்தத் தண்ணீரை இப்போது அனுப்பக்கூடாது' என்று அவர் சொன்னால் மேலதிகாரி அதைக் கேட்டாக வேண்டும். இத்தனையையும் ஒரு நாடு எப்படி ஏற்பாடு செய்கிறது? ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மனிதர் வாழும் கண்டங்களில் மிகவும் வறண்டது அதுதான். அதனால் அங்கே இந்தக் கேள்வியை யாரும் தள்ளிப்போட முடியவில்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆஸ்திரேலியாவில் 'தேசிய நீர்த்துறை' என்று ஒற்றை அலுவலகம் கிடையாது. இந்தியாவைப் போலவே தண்ணீர் பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பு. சிட்னிக்கு ஒரு நிறுவனம், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதிக்கு ஒரு நிறுவனம், விக்டோரியா மாநிலத்தில் பகுதிக்கு ஒன்றாகப் பல கழகங்கள். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களின் உட்பகுதி ஊர்களில் உள்ளாட்சி மன்றமே தண்ணீரையும் பார்க்கிறது, சாலையையும் குப்பையையும் பார்க்கிறது. இப்படிச் சிதறிக் கிடந்தால் ஓர் ஊரில் கற்ற பாடம் அடுத்த ஊருக்கு எப்படிப் போய்ச்சேரும்? அந்த வேலையைத் தொழில்சார் சங்கங்கள் செய்கின்றன.

அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஆஸ்திரேலியன் வாட்டர் அசோசியேஷன் 1962இல் தொடங்கியது. பொறியாளர், வேதியியலாளர், உயிரியலாளர், திட்டமிடுபவர், மாணவர் என்று தண்ணீரோடு தொடர்புடைய எவரும் இதில் சேரலாம். மாநிலந்தோறும் கிளை, தொழில்நுட்பக் கூட்டங்கள், ஆண்டுதோறும் ஓஸ்வாட்டர் என்ற பெரிய மாநாடு, இளம் வல்லுநர்களுக்கெனத் தனிக் குழு, மூத்தவர் ஒருவர் புதியவருக்கு வழிகாட்டும் திட்டம் எல்லாம் உண்டு. இரண்டாவது, வாட்டர் சர்வீசஸ் அசோசியேஷன் ஆஃப் ஆஸ்திரேலியா. இதில் உறுப்பினர்கள் நகரங்களுக்குத் தண்ணீர் வழங்கும் நிறுவனங்கள். குடிநீர்க் குழாயை எப்படிப் பதிப்பது, பாதாளச் சாக்கடையை எந்தச் சரிவில் அமைப்பது என்பதற்கெல்லாம் பொது விதிநூல்களை இதுதான் வெளியிடுகிறது. பெர்த்தில் வேலை பார்த்தவர் மெல்போர்னுக்குப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. கழிப்பறையில் போடும் ஈரத் துடைப்புத் தாள்கள் சாக்கடையை அடைத்துப் பெரும் தொல்லையாக இருந்தன. எந்தத் தாளைக் கழிப்பறையில் போடலாம், எதைப் போடக்கூடாது என்று சொல்லும் தரநிலை ஒன்று 2022இல் வந்தது. அதற்காக நீர் நிறுவனங்களும் தாள் தயாரிப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. அப்படி உட்காரவைக்க இத்தகைய சங்கம் தேவை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: நீர்த்துறை ஆபரேட்டர்களின் சங்கம். பொறியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மாநாடுகளுக்குக் குறைவில்லை. வால்வைத் திறப்பவருக்கும், வடிகட்டியைக் கழுவுபவருக்கும், நள்ளிரவில் மோட்டார் நின்றால் ஓடுபவருக்கும் ஒரு மேடை வேண்டாமா? இந்தச் சங்கம் தலைநகரங்களை விட்டு உட்பகுதி ஊர்களிலும் மாநாடு நடத்துகிறது. அங்கே பேசுபவர்கள் ஆபரேட்டர்களே. 'எங்கள் நிலையத்தில் இந்தப் பிரச்சினை வந்தது, இப்படிச் சரிசெய்தோம்' என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. நாட்டிலேயே சுவையான குழாய்த் தண்ணீர் எந்த ஊருடையது என்று ஒரு போட்டியும் நடத்துகிறார்கள். தண்ணீர் சரியாக வரும்வரை யாருக்கும் முகம் தெரியாத ஒருவருடைய வேலை, அந்த ஒரு நாளாவது ஊர்ப் பத்திரிகையில் வருகிறது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. மதிக்கப்படாத வேலைக்கு இளைஞர் வரமாட்டார்கள்.

ஆபரேட்டர் என்னதான் செய்கிறார்? ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ வரும் தண்ணீர் ஒரே மாதிரி இருப்பதில்லை. மேலே மழை பெய்தால் சில மணி நேரத்தில் கலங்கிவிடும். கலங்கலை உருவாக்கும் மண்துகள்கள் மிக நுண்ணியவை, தாமாகக் கீழே படியாது. ஆலம் (படிகார வகை) போன்ற உப்பைச் சரியான அளவில் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், கனமாகிப் படியும். சரியான அளவு எவ்வளவு என்பது ஒவ்வொரு நாளும் மாறும். அதற்காக வரிசையாகக் கண்ணாடிக் குவளைகளில் அதே தண்ணீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு ஆலம் சேர்த்து, கலக்கி, எது நன்றாகத் தெளிகிறது என்று பார்ப்பார்கள். ஜார் டெஸ்ட் என்பது அதுதான். அப்புறம் மணல் வடிகட்டி. அதன்பின் குளோரின். குளோரினைச் சேர்த்த உடனே கிருமி செத்துவிடாது, தண்ணீரில் குறிப்பிட்ட நேரம் கலந்திருக்க வேண்டும். கலங்கல் மிஞ்சியிருந்தால் கிருமி அதற்குள் ஒளிந்து தப்பிக்கும். அதனால் முதல் படியில் செய்த பிழை கடைசிப் படியில் வந்து நிற்கும். 2019-20 கோடையில் சிட்னிக்கு நீர் தரும் வாரகாம்பா அணையின் நீர்ப்பிடிப்புக் காடுகள் பெருமளவில் எரிந்தன. பிப்ரவரியில் பெருமழை வந்தபோது சாம்பலும் மண்ணும் அணைக்குள் இறங்கும் நிலை. மிதக்கும் தடுப்புத் திரைகளைக் கட்டினார்கள். எந்த ஆழத்திலிருந்து தண்ணீரை எடுத்தால் கலங்கல் குறைவாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவரால் செய்ய முடியாது.

இந்த வேலைக்கு அங்கே முறையான தொழிற்கல்வி உண்டு. நீர்த்துறை இயக்கத்தில் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, நான்காம் நிலைச் சான்றிதழ்கள் என்று படிப்படியாக இருக்கின்றன. பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. குடிநீர் சுத்திகரிப்பு ஆபரேட்டர்களுக்குத் தகுதிச்சான்று தர ஒரு தேசியக் கட்டமைப்பும் இருக்கிறது. ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். வீட்டில் குழாய் பொருத்தும் பிளம்பருக்கு ஆஸ்திரேலியாவில் உரிமம் கட்டாயம். ஊருக்கே தண்ணீரைச் சுத்திகரிப்பவருக்கு நாடு முழுவதற்குமான கட்டாய உரிமம் இல்லை. மேற்சொன்ன கட்டமைப்பு பெரும்பாலும் விருப்பத்தைப் பொறுத்ததே. இது கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்து நியூசிலாந்தில் 2016 ஆகஸ்டில் ஹேவ்லாக் நார்த் ஊரில் குளோரின் சேர்க்காத நிலத்தடி நீரில் ஆட்டுக் கழிவு கலந்து 5,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். நான்கு மரணங்கள் அதோடு தொடர்புடையவை என்று கருதப்பட்டது. அதன் விசாரணைக் குழுவும் நீர் வழங்குவோருக்கு உரிமமும் தகுதியும் கட்டாயமாக்கச் சொன்னது. 2021இல் அங்கே புதிய சட்டமும் குடிநீருக்கென்றே தனி ஒழுங்குமுறை அமைப்பும் வந்தன. ஒண்டாரியோவிலும் அப்படித்தான்: வாக்கர்டனிலேயே ஆபரேட்டர் பயிற்சி மையம் ஒன்று 2004இல் அமைந்தது. சாவு விழுந்த பிறகுதான் இந்தச் சட்டங்கள் வர வேண்டுமா?

ஆஸ்திரேலியாவுக்கும் ஓர் அதிர்ச்சி வந்தது, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லாமல். 1998 ஜூலை முதல் செப்டம்பர் வரை சிட்னியின் தண்ணீரில் கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா என்ற நுண்ணுயிரிகள் இருப்பதாக ஆய்வு முடிவுகள் வந்தன. சுமார் 30 லட்சம் பேரைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். நோய் எதுவும் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் நாட்டின் மிகப்பெரிய நகரம் தன் குழாய்த் தண்ணீரை நம்ப முடியாமல் தவித்தது. மறு ஆண்டே நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கத் தனி அமைப்பு ஏற்பட்டது. 2004இல் ஆஸ்திரேலியக் குடிநீர் வழிகாட்டு நெறிகள் புதிய வடிவம் பெற்றன.

அந்த நெறிகளின் அடிப்படைச் சிந்தனை எளியது. கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க ஒரு நாளாவது ஆகும். முடிவு வரும்போது மக்கள் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருப்பார்கள். அதனால் கடைசியில் சோதிப்பதை மட்டும் நம்பக்கூடாது. காட்டில் கால்நடை நுழையாமல் தடுப்பது, அணையில் தண்ணீரைத் தேக்கிவைப்பது, வடிகட்டுவது, குளோரின், குழாயில் கசிவில்லாமை என்று ஒன்று தவறினாலும் அடுத்தது பிடிக்கும்படி பல தடுப்புகள் வேண்டும். இதற்காக 12 கூறுகளைப் பட்டியலிட்டார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று, பணியாளரின் விழிப்புணர்வும் பயிற்சியும். குளோரின் அளவுக்கும் வடிகட்டியின் தரத்துக்கும் நிகராக ஆளின் பயிற்சியையும் நெறிமுறையில் வைத்துவிட்டார்கள். அதே 2004இல் உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டு நெறிகளில் இதே போக்கிலான குடிநீர்ப் பாதுகாப்புத் திட்டங்களை முன்வைத்தது.

இனி இரண்டாவது பாதிக்கு வருவோம். தண்ணீர் சுத்தமாக இருந்தால் போதுமா? நாளைக்கும் இருக்க வேண்டும். நீடித்த நிர்வாகம் என்று சொல்வது இதைத்தான். 1990களின் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கை வாட்டிய வறட்சியை மில்லேனியம் வறட்சி என்கிறார்கள். 2007இல் பிரிஸ்பேனைச் சுற்றியுள்ள அணைகளில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள், மக்கள் அதற்கும் குறைவாகவே செலவழித்துக் காட்டினார்கள். மெல்போர்னில் இலக்கு 155 லிட்டர். குழாய், ஷவர், துணி துவைக்கும் இயந்திரம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் எவ்வளவு நீரைச் சேமிக்கும் என்று நட்சத்திர முத்திரை 2006 முதல் கட்டாயமானது. சிறிது, பெரிது என்று இரண்டு பொத்தான் வைத்த கழிப்பறைத் தொட்டி 1980 வாக்கில் ஆஸ்திரேலியாவில் உருவாகிப் பரவியது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பெர்த் நகரத்தின் கதைதான் இதில் அதிகம் கற்பிப்பது. 1970களின் நடுவிலிருந்தே அங்கே மழை குறையத் தொடங்கியது. மழை குறைந்த விகிதத்தைவிட அணைக்கு வரும் நீர் பல மடங்கு குறைந்தது. காரணம் மண். வறண்ட மண் முதலில் தான் குடிக்கும், மிஞ்சியதைத்தான் ஓடையில் விடும். அந்நாளைய சராசரியில் மூன்றில் ஒரு பங்குகூட இப்போது அணைகளுக்கு வருவதில்லை. பழைய மழை திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம் என்று அங்குள்ள நீரியல் வல்லுநர்கள் எடுத்துச் சொன்னார்கள், ஆட்சியாளர்களும் கேட்டார்கள். 2006இல் க்வினானாவில் நாட்டின் முதல் பெரிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. ஆண்டுக்கு 45 கிகாலிட்டர், அதாவது ஒன்றரை டிஎம்சிக்குச் சற்று அதிகம். இது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது தெரிந்ததே. அதை ஈடுகட்ட ஒரு காற்றாலைப் பண்ணையிலிருந்து மின்சாரம் வாங்கினார்கள்.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. கழிவுநீரைச் சுத்திகரித்து, நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல் (RO), புற ஊதா ஒளி என்று மூன்று கட்டம் தாண்டவைத்து, குடிநீர்த் தரத்தில் நிலத்தடிக்குள் செலுத்துவது. பல ஆண்டுகள் கழித்து அதே நீர்ப்படுகையிலிருந்து எடுத்துக் குடிப்பது. 2006இல் குயின்ஸ்லாந்தின் டூவூம்பா நகரில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரில் சேர்க்கும் திட்டத்துக்கு வாக்கெடுப்பு வைத்தபோது 60 சதவீதத்துக்கு மேல் 'வேண்டாம்' என்று வாக்களித்திருந்தார்கள். பெர்த்தின் நிறுவனம் அதைப் பார்த்தது. தொழில்நுட்பம் கையில் இருந்தும் நேராகத் திட்டத்தில் இறங்கவில்லை. 2010 முதல் 2012 வரை ஒரு சோதனை நிலையத்தை நடத்தி, பார்வையாளர் மையம் திறந்து, பள்ளிப் பிள்ளைகள் முதல் மருத்துவர்கள் வரை அழைத்துக் காட்டியது. ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. சுகாதாரத் துறையின் ஒப்புதலோடுதான் ஒவ்வொரு அடியும். 2017இல் முழு அளவில் தொடங்கியபோது பெரிய எதிர்ப்பு எழவில்லை. இங்கே தொழில்நுட்ப வல்லுநர் கற்க வேண்டியிருந்தது மக்களோடு பேசும் கலை. மேற்சொன்ன 12 கூறுகளில் மக்களின் பங்கேற்பும் ஒன்று என்பது சும்மா இல்லை.

விவசாய நீர் வேறு உலகம். மரே, டார்லிங் ஆறுகளின் படுகை நாட்டின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு. அங்கே ஆளுக்கு ஆள் எடுத்து ஆறு மெலிந்ததால் 1995இல் 'இதற்கு மேல் எடுக்கக்கூடாது' என்று உச்சவரம்பு வைத்தார்கள். நிலமும் நீருரிமையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. விவசாயிக்கு ஓர் உரிமை இருக்கும். அணையில் உள்ள நீரைப் பொறுத்து, அந்த உரிமையில் இத்தனை சதவீதம் இந்த ஆண்டு கிடைக்கும் என்று அறிவிப்பார்கள். அதை விற்கலாம், வாங்கலாம். வறட்சியின் உச்சத்தில் நெல் சாகுபடி ஏறக்குறைய நின்றே போனது. நெல் பயிரிடுவோர் பலர் தண்ணீரை விற்றார்கள், பழத்தோட்டக்காரர்கள் மரங்களைக் காப்பாற்ற வாங்கினார்கள். 2004இல் தேசிய நீர் முன்முயற்சி என்ற உடன்பாடு, 2007இல் நீர்ச் சட்டம், 2012இல் படுகைத் திட்டம். ஆற்றுக்கென ஆண்டுக்கு 2,750 கிகாலிட்டரை மீட்க வேண்டும் என்பது அதன் தொடக்க இலக்கு. நம் கணக்கில் 97 டிஎம்சி, மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவைவிடச் சற்று அதிகம்.

தண்ணீரை விற்கவும் வாங்கவும் செய்தால் முதலில் அதை அளக்கத் தெரிய வேண்டும். மீட்டர் பொருத்துபவர், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எந்த வயலில் பாசனம் நடந்தது என்று சொல்பவர், கணினி மாதிரியில் ஆற்றை ஓட்டிப் பார்ப்பவர் எல்லாம் தேவை. 2007 சட்டம் நாடு முழுவதன் நீர்த் தரவுகளைத் திரட்டும் பொறுப்பை வானிலைத் துறையிடம் கொடுத்தது. அப்படியும் 2017இல் படுகையின் வடபகுதியில் அனுமதியின்றித் தண்ணீர் எடுக்கப்படுவதாகத் தொலைக்காட்சிப் புலனாய்வு ஒன்று வெளிப்படுத்தியது. அதன் பிறகுதான் நியூ சவுத் வேல்ஸில் தனிக் கண்காணிப்பு அமைப்பு 2018இல் வந்தது. 2018-19 கோடையில் மெனிண்டீ அருகே டார்லிங் ஆற்றில் மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. 2023 மார்ச்சில் அதே இடத்தில் கோடிக்கணக்கில். திட்டம் இருக்கிறது, ஆறு இன்னும் நலமாக இல்லை என்பதை மறைக்கக்கூடாது.

என்னை மிகவும் வருத்தும் செய்தி வேறொன்று. சீர்திருத்தங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று மாநிலங்களைக் கேள்வி கேட்க 2004இல் தேசிய நீர் ஆணையம் அமைத்தார்கள். வறட்சி முடிந்து மழை பெய்தது. அணைகள் நிரம்பின. 2015இல் அந்த ஆணையத்தைக் கலைத்துவிட்டார்கள். பணிகளில் சில வேறு அமைப்புகளிடம் போயின. ஆனால் பத்தாண்டு காலம் ஒரே இடத்தில் சேர்ந்த அனுபவமும் ஆட்களும் கலைந்தபின் திரும்பச் சேர்ப்பது எளிதல்ல. நீர்த்துறையில் ஆளை வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகும், அனுப்பிவிட ஒரு வரவு செலவுத் திட்டம் போதும்.

ஆள் பற்றாக்குறை பெருநகரத்தில் தெரியாது, உட்பகுதிச் சிற்றூர்களில்தான் தெரியும். அங்கே ஒருவரோ இருவரோதான் சுத்திகரிப்பு நிலையத்தையும் கழிவுநீர் நிலையத்தையும் குழாய் உடைப்புகளையும் பார்க்கிறார்கள். பயிற்சிக்கு நகரத்துக்குப் போனால் அந்த நாட்களில் நிலையத்தைப் பார்க்க ஆளில்லை. பழங்குடி மக்கள் வாழும் தொலைதூரக் குடியிருப்புகள் சிலவற்றில் நிலத்தடி நீரில் யுரேனியம், நைட்ரேட் போன்றவை இயல்பாகவே அதிகம். பழுதுபார்ப்பவர் வந்துசேர நீண்ட பயணம். இதற்குச் சில ஏற்பாடுகள் நடக்கின்றன. குயின்ஸ்லாந்தில் அருகருகே உள்ள உள்ளாட்சி மன்றங்கள் கூட்டணி அமைத்துப் பயிற்சியையும் சில பணிகளையும் சேர்ந்து நடத்துகின்றன. பயிற்சியாளரே ஊருக்கு வந்து, அந்த நிலையத்தின் பம்பையும் வடிகட்டியையும் வைத்தே கற்றுக்கொடுக்கும் முறையும் இருக்கிறது. உள்ளூர் இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அங்கேயே வேலை கொடுத்துச் சான்றிதழ் வரை கொண்டுபோனால், அவர் ஊரை விட்டுப் போகும் வாய்ப்பு குறைவு. இந்த மாதிரிச் செலவுகளைத்தான் முதலில் கூட்ட வேண்டும்.